ஒரு மூச்சுப் பிந்தி

பெயர் என்னவென்று கேட்டால் அவர் உடனே சொல்லமாட்டார். மூச்சை மெல்ல உள்ளே இழுப்பார், பாதியில் நிறுத்துவார், கேட்டவரின் முகத்தைப் பார்ப்பார், அதற்குப் பிறகுதான் சொல்வார். சொந்தப் பெயரை அலுமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு எட்டி எடுக்கிறவர் மாதிரி இருக்கும். அந்தப் பெயரை நானும் இங்கே சொல்லப்போவதில்லை. மரியாதைக்காக என்று நினைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் பயம்தான். யுத்தம் முடிந்த பிறகும், ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் பெயரை எழுதுமுன் வாசல் கதவு சாத்தியிருக்கிறதா என்று எழும்பிப் போய்ப் பார்க்கிற ஆள் நான்.

பகலில் அவருக்குக் கண்டியில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலை. மாலையில் ஏரிக்கரைக்கு மேலே இருந்த ஒரு ஹோட்டலில் பியானோ. நாங்கள் மூன்று பேர். அவர் பியானோ. கட்டுகஸ்தோட்டையில் இரும்புக்கடை வைத்திருந்த முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்போம், ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் டபுள் பேஸ் என்ற தந்தி வாத்தியம். நான் டிரம்ஸ். டிரம்ஸ் என்றதும் காது கிழியும் என்று பயப்பட வேண்டாம். நாங்கள் வாசித்தது ஜாஸில் காதல் பாட்டுகள், அதிலும் மெதுவானவை. அதற்குக் குச்சியால் அடிக்கக்கூடாது. பிரஷ் என்று ஒன்று இருக்கிறது, மெல்லிய கம்பிகளை விசிறிபோலக் கட்டியது. அதை வைத்து டிரம் தோலைத் தடவிக் கொடுக்கவேண்டும், தூங்கும் பிள்ளையின் முதுகைத் தடவுகிற மாதிரி.

அவருடைய வாசிப்பின் ரகசியமும் அந்தப் பெயர் சொல்லும் விதத்தில்தான் இருந்தது. சுரம் விழவேண்டிய இடத்தில் விழாது. விழப்போகிறது, விழப்போகிறது என்று காத்திருப்போம். ஒரு மூச்சுப் பிந்தி விழும். அந்த இடைவெளியில், மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பெண் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பாள்.

எனக்கு நேர்மாறான வியாதி. பயந்தால் ஓடுவேன். காலால் அல்ல, தாளத்தால். சரி, காலாலும்தான். வெளியே ஒரு ஜீப் சத்தம் கேட்டால் போதும், காதல் பாட்டு கல்யாண ஊர்வலமாகிவிடும்.

"ஓடாதடா மச்சான்!" என்று நானா பேஸுக்குப் பின்னால் இருந்து பல்லைக் கடிப்பார்.

"ஓடட்டும் நானா," என்பார் அவர். "தம்பி முன்னுக்குப் போய் இடம் பிடிச்சு வைக்கட்டும். நாங்கள் ஆறுதலா வருவம்."

எண்பத்துமூன்று ஆடி மாதம், ஒரு மத்தியானம். அவர் கம்பனிக்கு லீவு போட்டிருந்தார்; ஹோட்டல் பாரில் ஒத்திகை. எனக்கு அப்போது இருபது வயதும் பென்சிலால் கீறியது போல ஒரு மீசையும். பரிமாறுகிறவர் உள்ளே ஓடிவந்து, டவுனில் தமிழ்க் கடைகள் எரிகின்றன, கூட்டம் இந்தப் பக்கம் வருகிறது என்றார். அந்த ஆள் சொல்லி முடிக்குமுன் நான் பின்வாசலுக்கு வெளியே நின்றேன். பின்வாசல் எங்கே திறக்கிறது என்று யோசிக்க நேரமில்லை. அது நேராகத் தெருவுக்குத்தான் திறந்தது. தெருமுனையில் அவர்கள் நின்றார்கள். பொல்லுகள். ஒருவன் கையில் ஒரு தகரக் கேன். அவன் நடக்க நடக்க அதற்குள் எண்ணெய் தளும்புகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவ்வளவு தூரத்தில் கேட்டிருக்க முடியாது என்று நானா சொல்வார். எனக்குக் கேட்டது.

ஓட்டத்தில் பெயர் போன நான் அங்கே மட்டும் ஓடவில்லை. கால் வரவில்லை. நானாதான் சட்டைக் கொலரில் பிடித்து உள்ளே இழுத்தார். ஸ்டோர் அறைக்குள் தள்ளி, பேஸின் கன்வஸ் உறையைத் தலைவழியாகப் போட்டு, ஜிப்பை இழுத்து, என்னை மூலையில் சாத்திவைத்தார்.

"சத்தம் போடாத மச்சான். நீ இப்ப ஒரு பேஸ்."

பேஸுக்கு வியர்க்குமா, பல் கிட்டுமா என்று எனக்குத் தெரியாது. எனக்கு இரண்டும் நடந்தது. உறைக்குள் இருட்டு. பழைய வியர்வையும் மெழுகும் கலந்த வாசனை. வெளியே தெருவில் கூச்சல். அதற்கு நடுவில் பியானோ கேட்டது. மனுஷன் பாதியில் நின்ற பாட்டை முடித்துக்கொண்டிருந்தார்!

"சேர், அல்லாஹ்வுக்காக எழும்புங்க!" நானாவின் குரல் அழுவது போல இருந்தது.

ஒரு மூச்சு. பிறகுதான் பதில். "பொறுங்கோ நானா. முடிவு வருது."

பியானோ கேட்கிற கட்டிடத்துக்குள் தமிழன் ஒளிந்திருப்பான் என்று அவர்களுக்குத் தோன்றவில்லையோ என்னவோ, கூட்டம் ஹோட்டலைத் தாண்டிப் போய்விட்டது. அவர் வாடகைக்கு இருந்த வீடு அன்று பின்னேரம் எரிந்தது. மனைவி அப்போது பிள்ளைப்பேற்றுக்கு யாழ்ப்பாணம் போயிருந்தார். ஒத்திகை முடிந்து அவர் வழக்கமான நேரத்துக்குப் புறப்பட்டிருந்தால் சரியாகத் தீக்குள் போய் நின்றிருப்பார்.

பிந்தியதால் தப்பினார். அதில்தான் பிழை தொடங்கியது. அதற்குப் பிறகு பிந்துவது அவருக்கு ஒரு பழக்கமாக இல்லை, ஒரு நம்பிக்கையாகிவிட்டது. குடையைப் போலக் கூடவே கொண்டு திரிந்தார்.

மனைவி அப்படி நம்பவில்லை. சில வருடங்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு மகளோடு கனடாவுக்குப் போய்விட்டார். "முன்னுக்குப் போங்கோ, நான் வாறன்," என்று இவர் வழியனுப்பினார். அதைப் பொய்யாகச் சொல்லவில்லை. அடுத்த வருடம், அதற்கு அடுத்த வருடம் என்று உண்மையாகவே போகப்போகிறவராகவே இருந்தார்.

பிறகு சோதனைச் சாவடிகளின் காலம் வந்தது. ஒரு மூச்சுப் பிந்தி வரும் பதில் ஹோட்டலில் இசை; சாவடியில் அது சந்தேகம். மடுல்கெல்லப் பக்கம் ஒரு தோட்டத்துரை கிளப்பில் வாசித்துவிட்டு ஒரு வாடகை வானில் திரும்பிக்கொண்டிருந்தோம். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் மறித்தார்கள். மணல்மூட்டைக்குப் பின்னால் இருந்து ஒரு சிப்பாய் வந்து அவர் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினான். சிறுவயதுக்காரன். விரல் துப்பாக்கியின் விசையிலேயே இருந்தது.

"பெயர்?"

அவர் மூச்சை உள்ளே இழுத்தார். நிறுத்தினார். சிப்பாயின் முகத்தைப் பார்த்தார். சிப்பாயின் கண் சுருங்கியது. எனக்குத் தாங்கவில்லை. பின் கதிரையிலிருந்து அவருடைய முழுப் பெயரையும் கத்தினேன். தகப்பன் பெயரோடு, பிறந்த ஊரோடு.

சிப்பாய் விளக்கை என் முகத்துக்குத் திருப்பினான். "உன் பெயரா அது?"

"ஆமா சேர்," என்றது என் வாய்.

என் அடையாள அட்டையில் கண்டியில் பிறந்த ஒரு கத்தோலிக்கனின் பெயர் இருந்தது. அட்டை ஒரு பெயர், வாய் ஒரு பெயர். இறக்கினார்கள். மூட்டைகளுக்குப் பின்னால் முழந்தாளில் இருத்தினார்கள். நான் அந்த இரவுக்குள் தெரிந்த செபமெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, நானாவிடம் கேட்டுப் பழகியிருந்த ஓதலையும் பாதி முயற்சி செய்தேன். பெயருக்குச் சொந்தக்காரரோ போகவில்லை. போகலாம் என்று சொன்ன பிறகும், வீதியோரக் கல்லில் உட்கார்ந்து, முழங்காலில் விரலால் ஏதோ வாசித்துக்கொண்டே இருந்தார். மேலதிகாரி வந்து விசாரித்து, சிரித்து, என்னை விட்டார்.

மறுபடி வானில் ஏறினோம். பிறகு அவர் சொன்னார்: "என்ர பேரை வடிவாச் சொன்னீர் தம்பி. நான்கூட ஒருநாளும் அப்பிடிச் சொன்னதில்லை."

யுத்தம் கடைசிக் கட்டத்துக்கு வந்தபோது, வடக்கில் பிறந்தவர்கள் எல்லோரும் தங்கியிருக்கும் இடத்தைப் பொலிசில் போய்ப் பதியவேண்டும் என்றார்கள். வடக்கோடு எனக்கு இருந்த ஒரே தொடர்பு இவர்தான். ஆனாலும் முதல் ஆளாகப் போய் வரிசையில் நின்றேன். "உனக்குத் தேவையில்லை, வீட்டுக்குப் போ," என்றார் மேசையில் இருந்தவர். தேவையில்லை என்பதை எழுதித் தரமுடியுமா என்று கேட்டேன். அப்படிக் கேட்கிறவனை யார் சும்மா விடுவார்கள்? மத்தியானம்வரை மர வாங்கில் இருத்திவைத்தார்கள்.

பதியவேண்டியவரோ, "திங்கக்கிழமை போறன் தம்பி," என்றார்.

"எந்தத் திங்கக்கிழமை சேர்? ஆளைத் தூக்குற வெள்ளை வான் திங்கள் செவ்வாய் பாத்தா வருது?"

ஒரு மூச்சு. "வாற திங்கள்."

நிறையத் திங்கள் வந்து போயின.

அந்த நாட்களில் ஹோட்டலுக்கு வெளிநாட்டுக்காரர் வருவது நின்றுவிட்டது. மனேஜர் மிஸ் நல்ல தைரியசாலி. ஆட்கள் வராவிட்டால் பாட்டை அவர்களிடம் அனுப்புவோம் என்று சொல்லி, காதலர் தினத்தன்று எங்கள் மூன்று பேரையும் இன்டர்நெட்டில் நேரடியாகக் காட்ட ஏற்பாடு செய்தார். பூச்சாடி வைக்கும் ஸ்டாண்டில் ஒரு சின்னக் கமரா. பக்கத்தில் கம்ப்யூட்டர். பார்க்கிறவர்கள் எழுதி அனுப்புவது அதில் வரும். மேசைகள் காலியாகத் தெரியக்கூடாது என்று சமையற்கட்டு ஆட்களுக்குக் கோட்டுப் போட்டு, மேசைக்கு இரண்டு பேராக மெழுகுதிரிக்கு முன்னால் உட்கார வைத்தார். ரொட்டி போடுகிறவரும் காவலாளியும் ஒருவரையொருவர் பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டு காதலர்களாக இருந்தார்கள்.

"ஒன்று சொல்லவேண்டும்," என்றார் மிஸ். "நீங்கள் இங்கே வாசிப்பது அங்கே உடனே போகாது. அரை நிமிடமாவது பிந்தித்தான் போகும்."

பியானோவில் இருந்தவரின் முகம் மலர்ந்ததை அன்றுதான் பார்த்தேன். "அப்ப இன்டர்நெட்டும் எங்கட ஆள்தான்," என்றார்.

கனடாவில் மனைவி பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே காலை, இங்கே மாலை. கனடாவுக்குப் போனபிறகு அவர் வாசிப்பதை அந்த அம்மா பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஒத்திகையின்போதே இவர் கழுத்துப்பட்டியை மூன்று விதமாகக் கட்டிப் பார்த்தார். இங்கிலிஷில் வருகிற செய்திகளை மிஸ் வாசிப்பார். ஆங்கில எழுத்தில் தமிழ் வந்தால் அவருக்கு விளங்காது, என்னைக் கூப்பிடுவார். இரண்டு பாட்டுக்குப் பிறகு அப்படி ஒன்று வந்தது. நான் போய் வாசித்தேன்.

"'அந்தப் பாட்டு'ன்னு மட்டும் எழுதியிருக்காங்க சேர். எந்தப் பாட்டுன்னு எழுதலையே."

"தேவையில்லைத் தம்பி," என்றார்.

அப்போதுதான் அவர்கள் வந்தார்கள். மூன்று பேர், சாதாரண உடுப்பில். சட்டையை வெளியே விட்டிருந்தார்கள்; இடுப்பில் எது புடைத்திருக்கிறது என்று யாரும் கேட்கத் தேவையில்லை. மிஸ் எழும்பிப் போய்ப் பேசினார். திரும்பி வந்தபோது அவருடைய உதட்டுச் சாயம் மட்டும்தான் முகத்தில் சிவப்பாக இருந்தது. கமராவுக்கு முதுகைக் காட்டி நின்று மெதுவாகச் சொன்னார்: "உங்களைத்தான் கேட்கிறார்கள். பதியவில்லையாம். நேரடியாகப் போய்க்கொண்டிருக்கிறது, எல்லா நாட்டிலும் பார்க்கிறார்கள் என்று சொன்னேன். ஒரு பாட்டு வாசித்துவிட்டு வரட்டுமாம்."

ஒரு மூச்சு.

"ஒரு பாட்டு எண்டால் மெதுவானதா வாசிப்பம்," என்றார் அவர்.

"எவ்வளவுதான் இழுப்பீங்க சேர்?" என்று கேட்டார் நானா. "கடைசில முடியத்தானே வேணும்?"

"இழுக்கப்போறேல்லை நானா. அவள் கேட்டதைத்தான் வாசிக்கப்போறன்."

தொடங்கினோம். அவர் அந்த ஹோட்டலை விட்டு எங்கே கொண்டுபோகப்படுவார், எந்த வானில், எந்தக் கட்டிடத்துக்கு, அப்படிப் போனவர்களில் திரும்பி வந்தவர் யார் என்று என் மூளை ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தது; கை அந்த எண்ணிக்கைக்குத் தாளம் போட்டது. நான் ஓடினேன். அவர் வரவில்லை. நான் இன்னும் ஓடினேன். அவர் இருந்த இடத்திலேயே இருந்தார். நானா நடுவில் நின்று, இரண்டு பக்கமும் இழுபடும் மாட்டைப் பிடித்தவர் போலப் பேஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். மூன்று பேரில் ஒருவன் சுவரில் சாய்ந்து சப்பாத்தால் தாளம் தட்டினான். யாருடைய தாளத்துக்கு என்று பார்த்தேன். அவருடையதற்கு. கொண்டுபோக வந்தவனே என் பக்கம் இல்லை!

வெட்கம் வந்தால் பயம் கொஞ்சம் இடம் கொடுக்கும் போலிருக்கிறது. கையைத் தளர்த்தினேன். முதல் தடவையாக நானும் அவருக்குப் பின்னால் சாய்ந்தேன். பாட்டு மூச்சு விட்டது.

கடைசிச் சுரம் அடங்கியது. கோட்டுப் போட்ட சமையற்காரர்கள் கைதட்டினார்கள். அவர் எழும்பவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு கமராவையே பார்த்துச் சிரித்தபடி இருந்தார். மூத்தவர் போலிருந்த ஆள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு முன்னால் வந்தார்.

"முடிந்துவிட்டது," என்று மிஸ் கெஞ்சுவது போலச் சொன்னார்.

"இஞ்ச முடிஞ்சுது மிஸ். அங்க இன்னும் முடியேல்லை."

கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்துத் தமிழ் வந்தது. நான் போய் வாசித்தேன். குரல் எனக்குச் சொந்தமானதாக இல்லை. "'இப்பவும் இழுக்கிறீங்கள். தேத்தண்ணி ஆறிப்போச்சு.'"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு முடியுமுன் ஒரு கை அவர் தோளில் விழுந்தது.

நான் பாய்ந்தேன். கமராவுக்கு முன்னால் என் முழு வயிற்றையும் கொண்டுபோய் நிறுத்தினேன். அந்த அம்மா இதைப் பார்க்கக்கூடாது என்பதைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. ஆனால் அந்தக் கை அவர் தோளில் விழுந்த பிறகுதான் பாய்ந்தேன். எல்லாவற்றுக்கும் முந்துகிறவன், வாழ்நாளில் ஒரே தடவை பிந்தினேன்.

"அனைவருக்கும் காதலர் தின வாழ்த்துகள்!" என்று கத்தினேன். "நம்ம சேர் இப்ப ஒரு... ஒரு தேத்தண்ணி குடிக்கப் போறாரு. அதுவரைக்கும் நான் ஒரு பகிடி சொல்றேன், கேளுங்க." என்ன பகிடி சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. எனக்குப் பின்னால் சப்பாத்துச் சத்தம் போனது. நானா தனியாகப் பேஸை வாசிக்கத் தொடங்கியிருந்தார், அந்தச் சத்தத்தை மூடுவதற்கு.

செய்தி வந்தது. மிஸ் என்னைக் கூப்பிடவில்லை, திரையை என் பக்கம் திருப்பினார்.

"தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. நான் பாக்கவேணும்."

நான் தள்ளி நின்றேன். வேறென்ன செய்ய? கமராவுக்கு முன்னால் பியானோவும் காலிக் கதிரையும் மட்டும் இருந்தன. அந்த அம்மாவின் வீட்டில் அந்த நேரம் என் வயிறு இன்னும் பகிடி சொல்லிக்கொண்டிருக்கும். அரை நிமிடம் கழித்துத்தான் கதிரை தெரியும். அதை நினைத்துப் பார்த்து நின்ற அரை நிமிடம்போல நான் பிறகு ஒருநாளும் பயந்ததில்லை. மிஸ்ஸுக்குக் கமராவை நிறுத்த மனம் வரவில்லை. நானாவின் விரல் நுனி வெடிக்கும்வரை பேஸ் கேட்டுக்கொண்டிருந்தது.

பல வாரங்களுக்குப் பிறகு அவரை விட்டார்கள். உடம்பில் காயம் ஒன்றும் தெரியவில்லை. நாங்களும் கேட்கவில்லை. மனைவி அனுப்பிய பத்திரங்களில் பேனையை வாங்கிய கையோடு கையெழுத்துப் போட்டார். அந்த வருடம் ஐப்பசி மழைக்கு முன் கனடாவில் இருந்தார். அங்கே நன்றாக இருக்கிறாராம். வேளைக்கே எழும்பிவிடுகிறாராம்.

போகுமுன் ஒருநாள் ஹோட்டலுக்கு வந்தார். வாசல் காவலாளி பழைய ஆள், நலமா என்று கேட்கத்தான் வாய் திறந்தார். அதற்குள் இவர் பெயரையும், தகப்பன் பெயரையும், பிறந்த ஊரையும், இருக்கும் விலாசத்தையும் சொல்லி, அட்டையையும் நீட்டிவிட்டார். காவலாளி என்ன செய்வதென்று தெரியாமல் அட்டையை வாங்கிப் பார்ப்பது போலப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

"ஒரு பாட்டு வாசிப்போமா சேர்?" என்று கேட்டேன்.

"ஓம்," என்றார். நான் கேட்டு முடிக்கவில்லை.

வெறும் பாரில், பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்தோம். நான் எண்ணத் தொடங்கினேன். எண்ணிக்கை முடியுமுன் பியானோ புறப்பட்டுவிட்டது. காதல் பாட்டுத்தான். ஒவ்வொரு சுரமும் விழவேண்டிய இடத்துக்கு முன்னாலேயே விழுந்தது, யாரோ கதவைத் தட்டுமுன் திறந்துவிடுகிற மாதிரி. என் கை அன்று ஓடவில்லை. சத்தியமாக ஓடவில்லை. மெதுவாகத் தடவிக்கொண்டே அவர் முதுகைப் பார்த்தேன்.

நானா பேஸை நிறுத்தினார். கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிற மனுஷன். வழக்கம்போல என் பக்கம்தான் திரும்பினார். "ஓடாதடா மச்சான்! சேர் இப்பதான் வந்தீக்கிறார், இன்னைக்காவது ஒழுங்கா அடிடா."

பியானோவின் மேல் அவர் கைகள் அப்படியே நின்றன. ஓடியது யார் என்று அவருக்குத் தெரியும். தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தன.

"மன்னிச்சுக்குங்க நானா," என்றேன். "நான்தான் ஓடிட்டேன்."

"பரவாயில்லைத் தம்பி," என்றார் அவர், சட்டென்று.

மறுபடி தொடங்கினோம். அவர் ஓடினார். இந்தத் தடவை நானும் என் முழுப் பயத்தையும் திரட்டிக்கொண்டு ஓடினேன், அவருக்குப் பக்கத்திலேயே. நானா என்னைத் திட்டிக்கொண்டே இருந்தார்.